சொல்லிக்கொண்டு போனவர்கள்

அத்திக்கொம்பை இன்டர்ஃபேஸ் மறுபடியும் படுத்துவிட்டது.

அமராவதி திரையைப் பார்த்தாள். பச்சையாக இருந்த வரி சிவப்பாகி, அவள் டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் திரும்பப் பச்சையானது. கண்ணடிக்கிறது, கழுதை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

'நீர்க்கொடி நெட்' கம்பெனியின் கோபி அலுவலகத்தில் மலைப்பக்க இணைப்புகள் எல்லாம் அவள் தலையில்தான். ரூட்டர் என்பது பல கதவு வைத்த வீடு. ஒவ்வொரு கதவு வழியாகவும் ஒரு ஊருக்கு ஃபைபர் போகிறது. அந்தக் கதவுக்குத்தான் இன்டர்ஃபேஸ் என்று பெயர். அத்திக்கொம்பைக்குப் போகிற கதவு மட்டும் தானாக மூடிக்கொள்ளும், தானாகத் திறந்துகொள்ளும். மாட்யூலை மாற்றினார்கள். ஃபைபரை வெட்டி ஒட்டினார்கள். பேட்டரியை மாற்றினார்கள், கடைசியில் ரூட்டரையே மாற்றினார்கள். போன அமாவாசைக்கு மலையேறிய லைன் பையன்கள், எதற்கும் இருக்கட்டும் என்று அங்கே சுவரில் மாட்டியிருந்த இணைப்பு டப்பாவுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு வந்தார்கள். அதற்கும் மசியவில்லை.

"நாங்க அங்க நிக்கற வரைக்கும் தங்கமா இருக்குதுங்கக்கா. கெளம்புனா படுத்துக்குது," என்று அவர்கள் சொன்னபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மெஷினுக்கு ஆள் முகம் தெரியுமா என்ன? வேலையை ஒழுங்காக முடிக்காமல் இறங்கி வந்துவிட்டு இது ஒரு பேச்சு.

ரூட்டரின் பதிவைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் இருக்கும். 'பயனர் கோரிக்கையின்படி மூடித் திறக்கப்பட்டது.' எந்தப் பயனர்? யாரைப் பார்த்து, எப்போது கோரினார்? கருவி செய்து தந்த கம்பெனியைக் கேட்டால், உங்கள் வாடிக்கையாளரைக் கேளுங்கள் என்கிறான். வாடிக்கையாளரைக் கேட்டால், நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்கிறார்கள். நடுவில் அமராவதி மாட்டிக்கொண்டு முழித்தாள்.

சாதாரண வீட்டு இணைப்பாக இருந்திருந்தால் சினிமா நின்றுபோனதற்கு நாலு திட்டு வாங்கிக்கொண்டு விட்டிருப்பாள். அத்திக்கொம்பையில் இருப்பது சுகாதார நிலையம். மலைமேல் டாக்டர் தங்குகிற காலமெல்லாம் போய்விட்டது. டாக்டர் எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து திரையில் வருவார், நோயாளியைப் பார்ப்பார், அங்கிருந்தபடியே விரலை வைத்தால் இங்கே மருந்து அலமாரி திறக்கும். எந்த மருந்துக்கு அனுமதியோ அந்த அறை மட்டும். நர்ஸ் நினைத்தாலும் உடைத்தாலும் திறக்காது. கள்ளத்தனமாக மருந்து விற்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். இணைப்பு இருக்கிறவரைக்கும்.

ஆவணி மாதம் சடையப்பன் என்ற ஆளைப் பாம்பு கடித்துக் கொண்டுவந்தார்கள். டாக்டர் திரையில் வந்தார், விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடித்து, மூச்சடைக்கும். அப்போது உடனே போட வேண்டிய ஊசி ஒன்று உண்டு. சரியாக அந்த நேரத்தில் இணைப்பு அறுந்தது. கதவு என்னவோ சீக்கிரம் திறந்துவிட்டது. ஆனால் காமிராவும் டாக்டரும் அலமாரியும் ஒன்றையொன்று மறுபடி அடையாளம் கண்டுகொண்டு பூட்டு விடுபட சில நிமிஷம் ஆகும். ஊசி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது. நர்ஸ் ஜெபசீலி ஸ்டூலை எடுத்து அந்தக் கண்ணாடியை அடித்த சத்தம் வெளியில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம். கண்ணாடி உடையவில்லை. சடையப்பன் போய்விட்டான்.

இப்போது பழி ஜெபசீலி மேல். வேலைக்குச் சோம்பல்பட்டு அடிக்கடி லைனை அணைக்கிறாள் என்று புகார். நாளைக்கு விசாரணை. நிரூபணமானால் வேலை போகும், அத்தோடு போலீஸ் கேஸ்.

"அவங்கதாம்மா ஆஃப் பண்றது, நீ ஏன் மண்டைய ஒடைச்சுக்கற?" என்றார் மேனேஜர் கிருபாகரன். "அந்த ஆள் செத்த மறுநாள் பாரு. பொணம் அங்கயே கெடந்துச்சு, மலையே தெரண்டு வந்து போச்சு. அன்னிக்கு முழுக்க லைன் ஒருவாட்டி கூடக் கட் ஆகல. ஏன்? பயந்துட்டாங்க. சூடு ஆறுனதும் திரும்ப ஆரம்பிச்சாச்சு."

"ஒரு மனுசன் சாகறப்ப எவளாவது லைன ஆஃப் பண்ணுவாளா சார்?"

"பதிவுல 'பயனர் கோரிக்கை'ன்னு இருக்குதில்ல? அத எழுதிக் குடு, போதும்."

எழுதிக் கொடுத்திருக்கலாம். கை வரவில்லை. அவளுக்கு அந்த நர்ஸைத் தெரியாது, சடையப்பனையும் தெரியாது. ஆனால் தன் கதவு ஏன் மூடுகிறது என்று தெரியாமல் ஒருத்தி தலையில் அதைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியுமா? பையை எடுத்துக்கொண்டு ஜீப் ஏறினாள்.

மலைமேல் நல்ல மழை. சுகாதார நிலையத்தில் ஈ காக்கை இல்லை. ஜெபசீலி திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ஐம்பதை நெருங்குகிறவள். கம்பெனி ஆள் என்றதும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"என்ன, எனக்கு எதிரா எழுததுக்கு வந்தியளா?"

"டப்பாவப் பாக்க வந்தேங்க."

"பாருங்க. வந்தவன் எல்லாம் அதத்தான் பாத்தான். என்னைய எவன் பாத்தான்."

அமராவதி வேலையைப் பார்த்தாள். சுவரில் வெள்ளை டப்பா, அதில் பச்சை விளக்கு. ஒவ்வொரு இணைப்பையும் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஒளி அளவு பிசகில்லை. ஆட்டிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். மத்தியானம்வரை விளக்கு கண் சிமிட்டவே இல்லை. மழை விட்டது. சலித்துப்போய்ப் பையைத் தோளில் மாட்டினாள்.

"சரிங்க சிஸ்டர், போயிட்டு வர்றேன்."

விளக்கு சிவந்தது.

பையைக் கீழே போட்டாள். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினாள், மாட்டினாள். பச்சை. முதுகு விட்டுப்போகிற அளவுக்குக் குந்தியிருந்து பார்த்தாள். பச்சை. ஜெபசீலி பாவப்பட்டு ஒரு வாய் காப்பி கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

"இதுக்கு மேல இங்க ஒக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். போயிட்டு வர்றேங்க."

சிவப்பு.

அமராவதிக்கு அழுகையே வந்துவிட்டது. நாங்க கெளம்புனா படுத்துக்குதுங்கக்கா. பையன்கள் சொன்னது காதில் ஒலித்தது. கிளம்பினால்தானே? பச்சை வந்ததும் பையை மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் விறுவிறுவென்று வெளியே போனாள். வாசலில் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். விளக்கு பச்சையாகவே இருந்தது. உள்ளே வந்தாள். மறுபடி பேசாமல் போனாள். பச்சைதான்.

"என்ன, உள்ளயும் வெளியயும் நடந்து பழகுதியளா?" என்றாள் ஜெபசீலி.

அமராவதி சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "சிஸ்டர், சடையப்பன் செத்த மறுநா இங்க வந்த சனம், போறப்ப உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"கேக்கதப் பாரு. எழவு விழுந்த எடத்துல எவ சொல்லிக்கிட்டுப் போவா? வந்தாவ, அழுதாவ, திரும்பிப் பாக்காமப் போனாவ."

அமராவதி எழுந்து மெல்ல டப்பாவின் அருகே போனாள். யாரிடமும் இல்லாமல், சுவரைப் பார்த்து, "போயிட்டு வர்றேன்," என்றாள்.

விளக்கு சிவந்தது. ஜெபசீலியின் கையிலிருந்த பஞ்சு உருண்டை கீழே விழுந்தது.

நிலையத்துக்கு எதிரே உள்ள பாறைமேல் ஏறினால்தான் மொபைலில் சிக்னல் வரும். அங்கே நின்று அமராவதி கருவி செய்த கம்பெனிக்கு போன் போட்டாள். யார் யாரிடமோ மாற்றிவிட்டு, கடைசியில் கௌதமன் என்று ஒரு பொறியாளன் கிடைத்தான்.

"டப்பாவுல, பேச்சுல சொன்னா வேலை செய்யற 'தோழி' இருக்குதில்ல, அது எப்பவுமே கேட்டுட்டே இருக்குமா?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டாதான் கேக்கும்னு கையேட்டில் போட்டிருக்கோம் மேடம்."

"கையேட்ட விடுங்க. நெசமாக் கேக்குமா, கேக்காதா?"

"கேக்கும். மக்கள் கூப்பிடச் சோம்பேறிப்படறாங்க. 'நெட்டு மெதுவா இருக்கு'ன்னு வீட்டுல பேசிக்கிட்டாலே அது புரிஞ்சுக்கிட்டு சரி பண்ணணும்னு எதிர்பார்ப்பு. அதனால மேலதிகாரிங்க திறந்தே வைக்கச் சொல்லிட்டாங்க."

"போயிட்டு வர்றேன்னு சொன்னா என்னன்னு புரிஞ்சுக்கும்?"

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "போய்… வரவும். மூடித் திறக்கற கட்டளை. தமிழுக்கு வார்த்தை வார்த்தையா மாத்திப் பழக்கியிருக்காங்க. போ, திரும்ப வா. சரியாத்தானே இருக்கு?"

"கௌதமன், நீங்க வீட்டுல இருந்து ஆபீஸ் கெளம்பறப்ப உங்கம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

அவன், "ஐயோ," என்றான், மிகவும் மெதுவாக.

"ஊர்ல எல்லா வீட்டுலயும்தானே சொல்றாங்க. வேற எங்கயும் ஏன் யாரும் கண்டுபிடிக்கல?" என்று அவனே கேட்டான்.

"சொல்லிட்டு எல்லாரும் போனை வெச்சிருவாங்க, கதவச் சாத்திட்டுப் போயிருவாங்க. அப்புறம் நெட்டு போனா என்ன, வந்தா என்ன? இங்க அப்படியில்ல. ஒருத்தர் சொல்லிட்டுப் போவாங்க, இன்னொருத்தர் படுத்திருப்பாங்க."

கௌதமன் குரலைத் தாழ்த்தினான். "சம்பவம் நடந்த அன்னைக்குப் பதிவான குரல் இருக்கு மேடம். சட்டப்படி எங்ககிட்ட இருக்கவே கூடாது. கேக்கறீங்களா?"

கேட்காமலிருந்திருக்கலாம். கேட்டாள். மூச்சிழுப்புச் சத்தம். டாக்டர் ஏதோ சொல்கிறார். அதற்கு மேலாக ஒரு பெண் குரல், மிக அருகில், குழந்தையைத் தேற்றுகிற மாதிரி, "பயப்படாத. சின்னவனுக்குப் பால் குடுத்துட்டு ஓடியாந்தர்றேன். போயிட்டு வர்றேன், என்ன?" என்றது. அதோடு அறுந்தது.

சடையப்பனின் மனைவி பொம்மி. நாளைய விசாரணையின் சாட்சிப் பட்டியலில் அந்தப் பெயரைப் படித்திருந்தாள்.

அமராவதி பாறைமேலேயே உட்கார்ந்து கிருபாகரனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"நல்ல வேலை பண்ணுன அமராவதி. இன்னிக்குச் சாயங்காலமே எல்லா டப்பாவுக்கும் அப்டேட் அனுப்பச் சொல்லிடறேன். அந்த வார்த்தைய எடுத்துட்டா முடிஞ்சது."

"நாளைக்கு விசாரணைல சொல்லணும் சார்."

"என்னன்னு? எங்க டப்பா உங்க வீட்டுப் பேச்செல்லாம் கேக்குதுன்னா? மறுநாள் ஒருத்தன் நம்ம நெட்ட வெச்சிருப்பானா? நானூறு குடும்பம் இந்தக் கம்பெனிய நம்பிப் பொழைக்குது."

"ஜெபசீலி குடும்பம்?"

"அவங்களுக்கு வக்கீல் வெச்சுக்கலாம், நம்மளே கூட ஒதவலாம். நீ எறங்கி வா."

அப்டேட் வந்துவிட்டால் கதவு மூடாது. மூடாத கதவை யாரிடம் காட்டி நிரூபிப்பது? குரல் பதிவைக் காட்டலாம். காட்டினால் நர்ஸ் தப்புவாள், ஆனால் தன் புருஷனைத் தானே கொன்றதாகப் பொம்மி சாகும்வரை நினைப்பாள். என்ன மாதிரி மெஷின் இது, ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியைக் கேட்கிறது. அமராவதி மடிக்கணினியைத் திறந்து, அத்திக்கொம்பைக் கதவை மட்டும் அப்டேட் பட்டியலிலிருந்து நீக்கினாள். நாளைக் காலைவரை இங்கே நோயாளி படுத்திருந்தால் யாரும் வாய் திறக்கக்கூடாது. அந்தப் பயத்தோடுதான் நீக்கினாள்.

ஜெபசீலியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தம்மா கேட்டுவிட்டு, "அன்னைக்கு அவ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அவன் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னா," என்றாள். பிறகு, "என் வேலை போனாலும் போவட்டும். அந்தப் புள்ளைக்கு இது தெரியக் கூடாது. மூணு புள்ளைய வச்சிருக்கா," என்றாள்.

"உங்க வேலையும் போகாது, அவளுக்கும் தெரியாது. நான் பாத்துக்கறேங்க," என்றாள் அமராவதி. எப்படி என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு வந்த ஒன்றிரண்டு காய்ச்சல்காரர்களை, தொண்டை நோய் பரவுகிறது, யாரும் பேசக்கூடாது என்று சொல்லிப் பேசாமலேயே அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் விசாரணை திரையில்தான் நடந்தது. சுகாதாரத் துறை அதிகாரி ஒரு கட்டத்தில், கிருபாகரன் இன்னொரு கட்டத்தில், டை கட்டியிருந்தார். இந்தப் பக்கம் ஜெபசீலி நின்றாள். சாட்சி சொல்ல வரவழைத்திருந்த பொம்மி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பதிவை வாசித்தார். பயனர் கோரிக்கை. "இதுக்கு என்ன சொல்றீங்க சிஸ்டர்?"

"ஐயா, அதுக்கு நான் பதில் சொல்றேங்க," என்று அமராவதி முன்னால் வந்தாள். "யாரும் எதையும் தொடலீங்க. எல்லாரும் கைய எடுத்துட்டாங்க. இப்ப நான் ஒரு பேச்சு பேசறேன், நீங்க பாத்துட்டே இருங்க."

"அமராவதி, இது இப்ப தேவையில்ல," என்றார் கிருபாகரன்.

"சிஸ்டர், நான் போயிட்டு வர்றேன்."

திரை கறுத்தது.

அறையில் மூன்று பெண்கள் மட்டும் இருந்தார்கள். வெளியே எங்கோ ஆடு கத்தியது. பொம்மி சுவரில் சிவந்த விளக்கைப் பார்த்தாள், பிறகு அமராவதியைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"சிஸ்டரு," என்றாள். "அன்னிக்கு நானு…"

"நான்தான்," என்றாள் ஜெபசீலி வெடுக்கென்று. "நான்தான் தண்ணி எடுக்க உள்ள போனேன். ஒம் புருசன்கிட்ட போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ அதுக்கு மின்னாலயே கெளம்பிட்ட."

பொம்மி தலையைக் குனிந்துகொண்டாள். திரை வெளுத்தது.

அதிகாரி நம்பவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள், கறுத்தது. மறுபடி திரை வந்தபோது கிருபாகரனின் கட்டம் காலியாக இருந்தது. அமராவதி தோழியைப் பற்றி, திறந்தே கிடக்கிற காதைப் பற்றி, ஒளிக்காமல் சொல்லிமுடித்தாள்.

"அன்னைக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான் ஐயா," என்றாள் ஜெபசீலி.

"குரல் பதிவு ஏதாவது இருக்கா?"

அமராவதி பெஞ்சின் பக்கம் திரும்பவில்லை. "இல்லீங்க. அதுக்கு வார்த்தைதான் தெரியும். ஆள் தெரியாது."

நர்ஸ் மேல் தவறில்லை என்று அதிகாரி முடித்தார். சுகாதார நிலையங்களில் உள்ள எல்லா டப்பாவின் காதையும் உடனே அடைக்க உத்தரவு போட்டார். வீடுகளில் உள்ளவற்றைப் பற்றி அவருக்கு அதிகாரம் இல்லையாம், மேலே எழுதுவதாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அமராவதி பாறைமேல் ஏறியபோது கிருபாகரனின் செய்தி வந்திருந்தது. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம். அவள் படித்துவிட்டு மொபைலைப் பைக்குள் போட்டாள். கோபம்கூட வரவில்லை, பசித்தது.

அத்திக்கொம்பைக் கதவுக்கும் அப்டேட்டை ஏற்றினாள். உள்ளே வந்து, பொம்மிக்குக் கேட்கட்டும் என்றே, டப்பாவின் முன்னால் நின்று உரக்கச் சொன்னாள். "போயிட்டு வர்றேன் சிஸ்டர், போயிட்டு வர்றேன். பாருங்க, இனி ஒன்னும் ஆகாது. யார் வேணும்னாலும் சொல்லலாம்."

விளக்கு அசையவில்லை. ஜெபசீலி சிரிக்கப் பார்த்தாள்.

பொம்மி எழுந்தாள். வாசல்வரை போய், பழக்கத்தில் நின்று திரும்பினாள். ஜெபசீலியைக் கும்பிட்டாள். வாய் திறந்தது. அந்தச் சொல் உதடுவரை வந்ததை அமராவதி பார்த்தாள்.

பொம்மி நிமிர்ந்து அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.